யாரு முன்னால போறது

இது பூட்டு இல்ல தம்பி, சாவியும் இல்ல. தஞ்சாவூர்ல ரயில் ஏறினதுலேர்ந்து நீங்க இதையே பாக்கறதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வாய்விட்டுக் கேட்டீங்களே, நல்லது. போன மாசம் மெட்ராஸ் போயிருந்தப்ப ஸ்டேஷன்ல பையைச் சோதனை போட்டாங்க. ஒரு போலீஸ்காரம்மா இதை வெளியில எடுத்து வெச்சுக்கிட்டு, "எந்த வீட்டைத் திறக்கறதுக்கு?"ன்னாங்க. இது வாத்தியம்மான்னேன். அப்ப வாசிங்கன்னாங்க. அங்கயே நின்னு வாசிச்சேன். கேட்டுட்டு, போங்க போங்கன்னு கையை ஆட்டிட்டாங்க. அது பாராட்டா, தொலைஞ்சாப் போதும்னா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

இது மோர்சிங். இந்த இரும்பு வளையத்தைப் பல்லோட ஒட்டிப் பிடிச்சுக்கணும். நடுவுல ஒரு கம்பி வருது பாருங்க, அதை விரலால சுண்டணும். டொய்ங்குன்னு ஒரு சத்தம் வரும். மிச்சமெல்லாம் வாய்க்குள்ள நடக்கற வேலை. நாக்கு, மூச்சு, கன்னம். எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு நான் பல்லு குத்தற மாதிரி இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லல. கும்பகோணத்துல ஒரு கல்யாணக் கச்சேரி முடிஞ்சதும் பொண்ணுக்கு மாமா வந்து என் தோளைத் தொட்டு, "ரொம்ப வலிக்குதா? எங்க சம்பந்தி பல் டாக்டர்தான், கூட்டிக்கிட்டு வரட்டுமா?"ன்னாரு.

இதை வாசிக்கறப்ப பேச முடியாது. அதனாலயே என் வீட்டுக்காரி மங்களா, "இன்னும் கொஞ்ச நேரம் சாதகம் பண்ணுங்களேன்"னு சொல்லுவா. புருஷன் சாதகம் பண்றதை இவ்வளவு ஆசையா எதிர்பாக்கற பொம்பளையை நீங்க வேற எங்கயும் பாக்க முடியாது.

என் பேரு குஞ்சிதபாதம். சிதம்பரம். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, கவலைப்படாதீங்க, யாரும் கேள்விப்பட்டதில்ல. கச்சேரின்னா நடுவுல பாடறவங்க. ஒரு பக்கம் வயலின், இன்னொரு பக்கம் மிருதங்கம். மிருதங்கத்துக்குப் பின்னால, தூண் இருந்தா தூணுக்குப் பின்னால, நான். மைக்செட்காரரு ஒவ்வொரு மைக்கா தட்டி ஹலோ ஹலோன்னு பாத்துக்கிட்டே வருவாரு. என்கிட்ட வர்றப்ப அவருக்கு யாராவது டீ கொண்டாந்து குடுத்துடுவாங்க. ஒரு தடவை மூணு மணி நேரம் வாசிச்சிட்டு எந்திரிக்கறப்பத்தான் பாத்தேன், என் மைக்கு ஒயரு எதுலயும் சொருகாம பாம்பு மாதிரி சுருண்டு கெடக்குது. யாரும் ஒரு குறை சொல்லல. நான் இல்லாமலே கச்சேரி அமோகமா நடந்திருக்கு.

கடைசியில தாள வாத்தியக்காரங்களுக்குன்னு தனி ஆவர்த்தனம் விடுவாங்க. பாட்டு நின்னுடும், நாங்க மட்டும் மாத்தி மாத்தி வாசிப்போம். ஜனங்க காபி சாப்பிடப் போறது அப்பத்தான். மொதல்ல மிருதங்கம், அப்புறம் கடம், கடைசியா நான். என் முறை வர்றப்ப ஹால்ல நாற்காலிங்க இருக்கும். நல்ல ரசிகருங்க தம்பி அதுங்க, பாதியில எந்திரிச்சுப் போனதே இல்ல.

இதெல்லாம் குறையாச் சொல்லல. பழகிப்போச்சு. நான் சொல்ல வந்தது ராசப்பா அண்ணன் பண்ண காரியத்தைப் பத்தி.

மாயவரம் ராசப்பான்னா மிருதங்கத்துல பெரிய பேரு. அவருக்குத்தான் நான் முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்து வாசிச்சேன். மோர்சிங்காரன் வேலை என்ன தெரியுமா? மிருதங்கம் என்ன வாசிக்குதோ அதை அப்படியே கூட வாசிக்கறது. நிழலு. அதுக்கு அவரு கையையே பாத்துக்கிட்டு இருக்கணும். கை எங்க விழுதோ அங்க நான் சுண்டணும். மங்களா கையில எத்தனை வளையல்னு கேட்டா நான் முழிப்பேன். அண்ணன் கையில எந்த விரல்ல காய்ப்பு, எந்த நகம் சீக்கிரம் வளரும், எல்லாம் தெரியும்.

நல்ல மனுஷன்தான், இல்லைங்கல. கச்சேரிக்குக் கூப்பிட்டா "என் குஞ்சிதம் வந்தாத்தான் வருவேன்"னு சொல்லி என்னையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போவாரு. ஆனா மேடையில ஏறிட்டா ஒரு குசும்பு. நல்லா போயிக்கிட்டு இருக்கறப்ப திடீர்னு தாளக் கணக்கை மாத்திடுவாரு. நான் தடுமாறுவேன். அவரு சபையைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு, "என்னடா குஞ்சிதம், தூங்கிட்டியா?"ம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். வாயில இரும்பை வெச்சுக்கிட்டு எப்படிச் சிரிக்கறதுன்னு கேக்காதீங்க, அதுக்கும் சாதகம் இருக்கு.

இப்படி இருக்கறப்பத்தான் போன வருஷம் பொங்கல் முடிஞ்சு தஞ்சாவூர்ல ஒரு கச்சேரி. முடிஞ்சதும் ஒரு பொண்ணு மேடைக்கு வருது. சுடிதார், கழுத்துல காலேஜ் அட்டை. அண்ணன் வழக்கம்போல பாராட்டு வாங்கற முகத்தை எடுத்து மாட்டிக்கிட்டாரு. அந்தப் பொண்ணு அவருக்கு ஒரு வணக்கத்தைப் போட்டுட்டு, அவரைத் தாண்டி, கடத்தையும் தாண்டி, என் முன்னால வந்து நின்னுது. எனக்குப் பின்னால யாரு இருக்காங்கன்னு திரும்பிப் பாத்தேன். சுவருதான் இருந்துச்சு.

"சார், நான் ஜெசிந்தா. இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் நடத்தறேன். கம்ப்யூட்டரும் நம்ம வாத்தியமும் சேந்து வாசிக்கற மாதிரி ஒரு ஆராய்ச்சி பண்றேன். எனக்கு உங்க வாத்தியம் வேணும்"னுது.

வயலின் இருக்கு, வீணை இருக்கு, போயும் போயும் இதை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்கன்னேன்.

"சத்தத்தை வடிகட்டி வேற சத்தமா மாத்தறதுக்கு நாங்க பெட்டி பெட்டியா மெஷின் வெச்சிருக்கோம் சார். நீங்க அதை வாயாலயே பண்ணிட்டு சாதாரணமா உக்காந்திருக்கீங்க."

என் வாயைப் பத்தி ஒரு நல்ல வார்த்தையை அன்னைக்குத்தான் மொத மொதல்ல கேட்டேன். மங்களா கூட இருந்து கேட்டிருக்கணும். அண்ணன் மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கிட்டே, "போடா போடா, உன்னை ஜாடியில போட்டு மூடி வைக்கப் போறாங்க"ன்னாரு.

அவங்க காலேஜுக்குப் போனேன். மைக்கு ஒண்ணு வாய்க்கிட்ட வெச்சாங்க. வளையத்துல பொட்டு மாதிரி ஒண்ணை ஒட்டினாங்க, அது இரும்போட அதிர்வை எடுக்குமாம். ரெண்டு ஒயரும் கம்ப்யூட்டருக்குப் போயி, அங்கேர்ந்து ஆள் உயர ஸ்பீக்கர் ரெண்டுக்குப் போகுது. சும்மா ஒரு தடவை சுண்டிப் பாருங்க சார்னாங்க.

சுண்டினேன். தம்பி, தரை அதிர்ந்துச்சு. வந்தது என் சத்தம்தான். ஆனா அதுக்குள்ள இவ்வளவு இருந்துச்சா? அடியில ஒரு முழக்கம். அதுக்கு மேல சன்னமா ஒரு இழை, நாக்கை லேசா நகத்தினா அதுவும் கூடவே வளையுது. இத்தனை வருஷமா அது என் மண்டைக்குள்ள மட்டும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. வெளியில ஒருத்தர் காதுலயும் விழுந்ததில்ல. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. மோர்சிங்கை எடுக்காமயே அழறேன், எச்சில் வழிஞ்சு ஒயர்ல பட்டுடுச்சு. அந்தப் பொண்ணு பதறிப்போயி கைக்குட்டையை எடுத்துக்கிட்டு ஓடி வருது. ஆறுதல் சொல்ல வருதாக்கும்னு நெனைச்சேன். ஒயரைத் தொடைச்சிட்டுப் போயிடுச்சு.

அவங்க ஏற்பாடு என்னன்னா, நான் வாசிக்கறதைக் கம்ப்யூட்டர் கேட்டுக்கிட்டே இருக்கும். என் வேகம் என்ன, எங்க அழுத்தறேன், எங்க விடறேன், எல்லாத்தையும் கண்டுபிடிச்சு, என் சத்தத்தையே வேற மாதிரி ஆக்கி எனக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும். நான் ஓடினா ஓடும், நின்னா நிக்கும். "நீங்கதான் சார் மெயின் ஆர்ட்டிஸ்ட். அது உங்க பின்னால வரும்"னாங்க. மெயின் ஆர்ட்டிஸ்ட்! அன்னைக்குச் சிதம்பரம் வரைக்கும் நான் உக்காரவே இல்ல, வண்டிக் கதவுக்கிட்டயே நின்னு காத்து வாங்கிக்கிட்டு வந்தேன். வீட்டுல போயிச் சொன்னா மங்களா, "சரி, மெயின் ஆர்ட்டிஸ்ட் போயி ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வரலாமா?"ங்கறா.

மொத ஒத்திகை. மாணவப் பிள்ளைங்க எல்லாம் லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு சுத்தி உக்காந்திருக்கு. ஆதி தாளத்துல எடுத்தேன். அதுவும் கூட வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரம் போனதும் ஏதோ நெளியுது. வேகம் கொறையுது. இன்னும் கொறையுது. ஒரு சுண்டலுக்கும் அடுத்த சுண்டலுக்கும் நடுவுல ஒருத்தரு கொட்டாவி விட்டு முடிச்சு வாயை மூடிடலாம். அப்புறம் நின்னே போச்சு. நானும் சும்மா இருக்கேன், அதுவும் சும்மா இருக்கு.

மறுபடி ஆரம்பிச்சோம். மறுபடியும் நின்னுது. மெஷின் சோம்பேறியா இருக்குதும்மா, கொஞ்சம் உற்சாகமா வாசிக்கச் சொல்லுங்கன்னேன். ஜெசிந்தா மேடம் திரையையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் என்கிட்ட மெல்ல வந்து, "சார், கோவிச்சுக்கக் கூடாது. அது உங்களுக்காகக் காத்திருக்கு. நீங்க அதுக்காகக் காத்திருக்கீங்க"ன்னாங்க.

திரையில வரைபடமாக் காட்டினாங்க. ஒவ்வொரு அடியும் மெஷின் வெச்சப்புறம்தான் நான் வைக்கறேன். ஒரு மயிரிழை தள்ளி. அது என்ன நெனைக்குது, ஓகோ, ஐயா வேகத்தைக் கொறைக்கறாரு போலன்னு அதுவும் கொறைக்குது. அது கொறைச்சதும் நான் கொறைக்கறேன். வாசல்ல ரெண்டு சம்பந்திங்க நின்னு நீங்க போங்க, நீங்க போங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா பந்திக்கு யாரு போறது?

நான் ஒத்துக்கல. "காத்திருக்கலம்மா, மரியாதை குடுக்கறேன்"னேன். அவங்க சிரிக்கல, பாவம். ஆனா கண்ணு ரெண்டும் மின்னுது. இப்படி ஒண்ணை யாரும் பாத்ததில்ல சார், இதையே ஒரு கட்டுரையா எழுதறேன்னாங்க. எழுதினாங்க. முன்னால போக எனக்குப் பயம்ங்கறதை வரைபடம் போட்டு இங்கிலீஷ்ல வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுல என் பேரும் இருக்கு.

அப்புறம் எனக்கு வைத்தியம் ஆரம்பிச்சாங்க. "தப்பா வாசிங்க சார். வேணும்னே வாசிங்க. தாளத்தை விட்டு ஓடுங்க. அது வருதா இல்லையான்னு பாக்கவே பாக்காதீங்க"ன்னாங்க. தப்பா வாசிக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? கண்ணை மூடிக்கிட்டு சுவரைப் பாத்து உக்காந்து ஓடினேன். அட, பின்னாலயே வருது! இடறி விழுந்து எந்திரிச்சு வருது. நிறுத்தினேன், நின்னுது. ஏன்னு கேக்கல, முகம் சுளிக்கல.

ஒரு மாசத்துல நான் ராசப்பா அண்ணனாவே ஆயிட்டேன் தம்பி. நல்லா போயிக்கிட்டு இருக்கறப்ப திடீர்னு கணக்கை மாத்துவேன். அது தடுமாறும். நான் பிள்ளைங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு, "என்ன, தூங்கிட்டியா?"ன்னு அந்தப் பெட்டியைக் கேப்பேன். பிள்ளைங்க சிரிச்சுதுங்க. பெட்டி சிரிக்கல. அந்த இடத்துல நானா இருந்தா சிரிச்சிருப்பேன்.

காலேஜ் ஆண்டு விழாவுல எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாங்க. தாளாளரு முன் வரிசையில உக்காந்து கேப்பாரு. அவருக்குப் புடிச்சிருந்தா, வாத்தியமும் எலக்ட்ரானிக்ஸும் சேந்த வகுப்பை நிரந்தரமா ஆரம்பிப்பாங்க, நான் வாத்தியாரு. புடிக்கலைன்னா அந்த அறையைக் காலி பண்ணிக் குடுத்துடணும். ஜெசிந்தா மேடம் எத்தனை பேருகிட்ட கெஞ்சி அந்த அறையை வாங்கியிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு பயம் இருந்துச்சு. இது போச்சுன்னா மறுபடி தூணுக்குப் பின்னாலதான். இந்த வயசுல எனக்கு இன்னொரு பொண்ணு மேடை ஏறி வந்து நிக்கப் போகுதா?

இவ்வளவு பயம் இருக்கறவன் சும்மா இருந்திருக்கணும்ல? நேரா மாயவரம் போயி அண்ணனைக் கூப்பிட்டேன். மரியாதைக்குக் கூப்பிடறேன்னு சொன்னேன். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. நான் நடுவுல உக்காந்திருக்கறதை அவரு கீழ உக்காந்து பாக்கணும், அதுதான் ஆசை. "வர்றேண்டா. உன் மெஷினுக்கும் சேத்து சாப்பாடு போடுவாங்களா?"ன்னாரு.

விழா அன்னைக்கு மேடையில ஏறினதும் பழக்கதோஷம், ஓரமாப் போயி உக்காந்துட்டேன். ஜெசிந்தா மேடம் வந்து ஜமக்காளத்தைப் புடிச்சு என்னோட சேத்து நடுவுக்கு இழுத்து விட்டாங்க. முன் வரிசையில தாளாளரு, பக்கத்துல பட்டுப்புடவையில மங்களா, அவளுக்கு அந்தப் பக்கம் ராசப்பா அண்ணன்.

கண்ணை மூடிக்கிட்டு எடுத்தேன். பிரமாதமாப் போச்சு. தரையெல்லாம் அதிருது, மெஷின் கூடவே வருது. படபடன்னு கை தட்டினாங்க. கை தட்டினா யாருன்னு பாக்கத் தோணுமா தோணாதா? எனக்குக் கை தட்டி நான் பாத்ததே இல்லையே. கண்ணைத் திறந்தேன். நேர் எதிர்ல அண்ணன். தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருக்காரு.

அந்தக் கை தம்பி. என் கண்ணு போயி அதுல ஒட்டிக்கிச்சு, பிய்க்க முடியல. கை விழுந்தா நான் சுண்டறேன். நான் சுண்டினா மெஷின் வருது. சபைக்கு ஒண்ணும் தெரியல, அவங்க பாட்டுக்குத் தலையாட்டி ரசிக்கறாங்க. ஆனா கச்சேரியை நடத்தறது யாரு? கீழ உக்காந்து தொடையைத் தட்டிக்கிட்டு இருக்கற ராசப்பா அண்ணன். அவரு கொஞ்சம் இழுத்தா நான் இழுக்கறேன், ஆள் உயர ஸ்பீக்கர் ரெண்டும் சேந்து இழுக்குது. அவருக்கும் சந்தேகம் வந்துடுச்சு. ஒரு தடவை வேணும்னே கொஞ்சம் முந்தித் தட்டிப் பாத்தாரு. நான் முந்தினேன். மெஷினும் முந்துச்சு. அண்ணன் முகத்துல அதுவரைக்கும் ஒரு சிரிப்பு இருந்துச்சு, அது போயிடுச்சு.

அப்புறம் பண்ணாரு பாருங்க ஒரு வேலை. கையை எடுத்துட்டாரு! நட்டநடுக் கச்சேரியில தாளத்தை நிறுத்திட்டு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில விட்டுக்கிட்டு, அண்ணாந்து மின்விசிறியைப் பாக்கறாரு. சபையில தாளம் போட்டுக்கிட்டு இருக்கற வித்வான் பாதியில நிறுத்தினா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாது. கேக்கச் சகிக்கலைன்னு அர்த்தம். ஆகாதவன் கூட அதைப் பண்ண மாட்டான். பிடிக்கலைன்னா வெளியில எந்திரிச்சுப் போவான்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு. புடிச்சுக்க ஒண்ணும் இல்ல. மெஷினைத் தேடறேன். அது என்னைத் தேடுது. மெதுவாகுது. இன்னும் மெதுவாகுது. ஜெசிந்தா மேடம் முகம் வெளுத்துப் போச்சு. தாளாளரு வாட்சைப் பாக்கறாரு. கடைசியா ஒரு தடவை சுண்டினேன், அது நீண்டுக்கிட்டே போயி அப்படியே அடங்கிடுச்சு. மெஷினும் அடங்கிடுச்சு. அவ்வளவு பெரிய ஹால்ல ஒரு சத்தம் இல்ல. எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்காக.

வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அடிவயித்துலேர்ந்து வந்துச்சு. போய்யா, உன் கை இல்லாட்டி எனக்கு வாசிக்கத் தெரியாதா, உக்காந்து கேளுய்யான்னு மனசுக்குள்ள கத்திட்டு எடுத்தேன். எந்த இடத்துலேர்ந்து எடுத்தேன், என்ன கணக்குன்னு கேட்டா இன்னைக்கும் சொல்லத் தெரியாது. மெஷின் அலறி அடிச்சுக்கிட்டு பின்னால ஓடி வருது. நான் திரும்பிப் பாக்கல. ஓடணும்னா ஓடினேன், நிறுத்தணும்னா நிறுத்தினேன், நிறுத்தின இடத்துல மூச்சை மட்டும் விட்டேன், அந்த மூச்சு ஹால் முழுக்கப் போயித் திரும்பி வந்துச்சு. என் வாய்க்குள்ள அடைஞ்சு கெடந்ததெல்லாம் வெளிய வந்து எல்லார் காதுலயும் விழுது. முப்பது வருஷத்துல நான் அப்படி வாசிச்சதில்ல. என்னை நானே சொல்லிக்கக் கூடாதுதான், சொல்லிக்கறேன், போங்க. ஒரு ஆளு காபிக்கு எந்திரிக்கல.

தாளாளரு மேடை ஏறி வந்து என் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. வகுப்பு ஆரம்பிச்சுட்டாங்க. வாரத்துல ரெண்டு நாள் இப்படித்தான் போயிட்டு வர்றேன். மொத நாள் ஒரு பிள்ளை எந்திரிச்சு, "சார், இதுல வால்யூம் எங்க இருக்கு?"ன்னுது. என் வாயைத் தொட்டுக் காட்டினேன். அன்னைலேர்ந்து வால்யூம் சார்னு பேரு வெச்சிருக்குதுங்க. தெரியாத மாதிரி இருந்துக்கறேன்.

அண்ணன்? மேடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லல. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, நான் கீழ இறங்கறதுக்குள்ள கிளம்பிட்டாரு. பொறாமைதான், வேற என்ன? நிழலு எந்திரிச்சு நடந்தா ஆளுக்குப் பொறுக்குமா? அதுக்கப்புறம் போன் பண்ணாரு. நான் எடுக்கல. மறுபடி பண்ணாரு, எடுக்கல. இந்த வண்டி மாயவரத்துல நிக்கறப்பல்லாம் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்குவேன்.

மங்களா அவரு கட்சி. "நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். அவரு கை ரெண்டும் தொடைக்கு அடியில துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டு அமுக்கி அமுக்கி வெச்சுக்கிட்டாரு. வேர்த்துக் கொட்டிடுச்சு, பாவம்"ங்கறா. பொறாமையில வேர்க்கத்தான் செய்யும்னேன். ஜெசிந்தா மேடத்துக்கு வேற கவலை. அன்னைக்குப் பதிவு பண்ணதை வரைபடம் போட்டுப் பாத்திருக்காங்க. "அந்த நிறுத்தத்துக்கு முன்னாடி நீங்க எதையோ பாத்து அது பின்னால வர்றீங்க சார். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் நீங்கதான் முன்னால. அந்த இடத்துல என்ன சார் நடந்துச்சு?"ன்னு கேட்டாங்க. என் அண்ணன் சபையில வெச்சு என்னை அவமானப்படுத்தினாரும்மான்னேன். அதை எப்படி எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டாங்க.

என்ன கேட்டீங்க? வண்டிச் சத்தத்துல காதுல விழல, திருப்பிச் சொல்லுங்க. அவரு கையை எடுக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னா?

என்ன ஆயிருக்கும்? நான்பாட்டுக்கு அவரு கையைப் பாத்து வாசிச்சு முடிச்சிருப்பேன். நல்லாவே முடிச்சிருப்பேன். கை தட்டியிருப்பாங்க. வகுப்பு கூட ஆரம்பிச்சிருப்பாங்க. என்ன, கச்சேரி அவரோடதா இருந்திருக்கும். நான் நடுவுல உக்காந்து...

இருங்க தம்பி. கொஞ்சம் இருங்க.

தாளம் போடாம உக்காந்திருக்கறது அவருக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு தடவை ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு. மேல பாட்டில்ல மருந்து சொட்டு சொட்டா இறங்குது, அவரு அதுக்குத் தாளம் போட்டுக்கிட்டுக் கெடக்கறாரு. நர்சு வந்து கையை ஆட்டாதீங்கன்னு திட்டுது. அப்படிப்பட்ட ஆளு. கேக்கச் சகிக்கலைன்னா சும்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாமே, தொடைக்கு அடியில போட்டு எதுக்கு அமுக்கணும்? மேல எதுக்குப் பாக்கணும்? என் கண்ணுல அவரு கண்ணு பட்டுடக் கூடாதுன்னா? நான் அவரைப் பாத்துப் புடிச்சுக்குவேன்னா?

எனக்காகவா ஒளிச்சு வெச்சாரு?

மங்களா சொன்னா. வரைபடத்தைப் போட்டுப் பாத்துட்டு மேடமும் கேட்டாங்க. நான் எங்க காதுல வாங்கினேன்? உலகத்துக்கே என் சத்தம் கேக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். அவரு எத்தனை தடவை போன் பண்ணாரு தம்பி. நான் அது அடிச்சு ஓயற வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

எந்த ஸ்டேஷன் இது? மாயவரமா? அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. டிக்கெட்டு சிதம்பரம் வரைக்கும் இருக்கு, கெடக்கட்டும். மங்களாவுக்கு போன் பண்ணிச் சொல்லிக்கறேன், சந்தோஷப்படுவா. வழி விடுங்க, வண்டி கிளம்பிடப் போகுது.

மன்னிப்பா? மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். சண்டை போடப் போறேன். கதவைத் திறந்ததும் அந்தக் கையைப் புடிச்சு வெச்சுக்கிட்டு நல்லாக் கேக்கப் போறேன்: ஏன்ணே, இதை ஒரு இருபது வருஷத்துக்கு முன்னாடியே எடுத்திருக்கக் கூடாதா?